செங்காந்தளும் சந்தனமும்
புதுக்கோட்டை ஜில்லா விவசாயிகள் கவனத்துக்கு

வேலியோரத்தில் தானாக முளைத்து, கார்த்திகையில் தீக்கொழுந்துபோல் பூத்து, தை பிறந்ததும் கொடி காய்ந்து மறைந்துபோவது செங்காந்தள். யாரும் ஏறெடுத்துப் பாராத மணமற்ற சிறு பூவைப் பூத்து, இருபது வருஷம் நின்று, வயிரத்திலே மணத்தைச் சேர்த்துவைப்பது சந்தனம். ஒன்று மெல்லிய கொடி. மற்றொன்று வலிய மரம். உருவிலும் ஆயுளிலும் இவ்விரண்டுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆயினும் இவை அழிந்துவரும் வழி ஒன்றே. காந்தளின் மதிப்பு அதன் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. சந்தனத்தின் எண்ணெய் அதன் வேரிலே மிகுதியாயிருக்கிறது. ஆகவே ஆசைப்படுகிறவன் இரண்டையும் அறுத்துக்கொண்டு போவதில்லை. வேரோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். பெயர்த்த இடத்தில் மறுபடி தளிர்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பட்டா நிலமுள்ள குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் பிரயோஜனமுள்ள காரியமாகும். ஏனெனில் இவை காட்டில் குறைந்தாலும், நிலத்துக்குரியவர்கள் மனம்வைத்தால் வயலிலும் வரப்பிலும் விருத்தியாகக் கூடியவை. ஆனால் முறை தவறிச் செய்யும் சாகுபடியே காட்டிலுள்ளதை அழிப்பதற்கும் காரணமாகிவிடலாம்.

ஜில்லாவின் காடுகள்

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. செம்மண்ணும் சரளையும் பாறையும் கலந்த மேட்டு நிலம், மழைநீரைத் தேக்கும் கண்மாய்கள், இவற்றிடையே முட்புதர்க் காடுகள், ஆங்காங்கே ஐயனாருக்கும் கருப்பருக்கும் விடப்பட்ட கோயிற்காடுகள் என்பதே இதன் அமைப்பு. சமஸ்தான காலத்தில் அரசரின் வேட்டைக்கென ஒதுக்கிக் காக்கப்பட்ட காடுகளும் இருந்தன. 1948-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. அதன்பின் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிருந்து, 1974-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி தனி ஜில்லாவாயிற்று. அதே 1974-ம் வருஷத்தில் ஏற்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இந்த ஜில்லாவின் காட்டு நிலங்களில் பெரும் பரப்பைத் தைலமரத் தோப்பாக்கியது. ஆர்.எஸ்.பதி என்று ஊரார் வழங்கும் அம்மரத்தை நட நிலத்தை ஆழ உழுதபோது, மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த கிழங்கினங்களும் புரண்டு போயின.

எஞ்சியவை கோயிற்காடுகளே. காசான், வீரை, உலக்கைப்பாலை முதலிய என்றும் பசுமையான மரங்களும் கொடிகளும் பின்னிக்கிடக்கும் இவ்வகை உலர்நிலப் பசுங்காடு உலகத்தில் மிகக் குறைந்த பரப்பிலேயே உள்ளது. மரமடக்கி, அரையப்பட்டி முதலிய ஊர்களின் காடுகளைத் தாவர நூலார் அளந்து ஆராய்ந்திருக்கின்றனர். தெய்வத்துக்கு அஞ்சி ஒரு சுள்ளியும் ஒடிக்காத வழக்கம் எங்கே நிலைத்திருக்கிறதோ அங்கே காடும் நிலைத்திருக்கிறது.

காந்தளின் இயல்பு

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்துக்கும் இதுவே தேசிய மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலர்களை வரிசையாக அடுக்குமிடத்தில் முதலாவதாக நிற்பது காந்தளே. குடியானவர்கள் இதனைக் கண்வலிக்கிழங்கு என்றும், கார்த்திகைப்பூ என்றும், கலப்பைக்கிழங்கு என்றும் வழங்குவர். கிழங்கு இரு கிளையாகப் பிரிந்து கலப்பையின் வடிவங் கொண்டிருப்பதால் கடைசிப் பெயர் வந்தது.

இக்கிழங்கின் அமைப்பை விவசாயிகள் நன்கு அறிதல் வேண்டும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் உண்டு. அது ஒடிந்தால் அக்கிளை முளைக்காது. மழை கண்டதும் நுனிக்கண் முளைவிட்டுக் கொடியாகும். அதன் அடியில் புதிய கிழங்கு உண்டாகும். பழைய கிழங்கு தன் சாரத்தைக் கொடுத்துச் சுருங்கி மடியும். இவ்வாறு ஆண்டுதோறும் ஒன்று இரண்டாவதே இதன் பெருக்கம். விதையிலிருந்து வளர்ந்த செடி பூப்பதற்கு மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். எனவே ஒரு புதரிலுள்ள கிழங்குகளையெல்லாம் ஒரே நாளில் தோண்டிவிட்டால், அவ்விடத்தில் மறுபடி காந்தள் நிறைய வெகுகாலம் செல்லும்.

இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு, அருகிலுள்ள புதரைப் பற்றிக் கொடி ஏறும். இதழ்கள் பச்சையாய்த் தோன்றி, மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, முடிவில் செந்நிறமாகும். பூவின் சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி மகரந்தப் பைகளைவிட்டு விலகி நிற்பதால், பூ தன் மகரந்தத்தைத் தானே எளிதில் ஏற்பதில்லை. பூச்சிகளும் தேன்சிட்டுகளும் வேண்டும். அவை குறைந்த தோட்டங்களில் காலைவேளையில் கையினால் மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள்.

செடி முழுவதிலும் கோல்ச்சிசின் என்னும் கடுமையான நஞ்சு உண்டு. கிழங்கிலும் பார்க்க விதையில் அது அதிகம். அந்நஞ்சே மருந்துமாகும். மூட்டுகளில் யூரிக அமிலம் படிந்து வீங்கும் நோய்க்கு அது நெடுங்கால மருந்து; 2023-ம் வருஷத்தில் அமெரிக்காவில் இருதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் கொடுக்க அனுமதிக்கப்பட்டது. பயிர்களின் குரோமோசோம்களை இரட்டிப்பதற்கும் இதனை உபயோகிக்கலாமென்பது 1937-ம் வருஷத்தில் நிரூபிக்கப்பட்டது. விதையில்லாத் தர்ப்பூசணி உண்டானது இந்த வழியாலேயே. இவற்றால்தான் காந்தள் விதைக்கு வெளிநாட்டுக் கிராக்கி ஏற்பட்டது.

சந்தனத்தின் இயல்பு

சந்தனம் பார்வைக்குத் தனி மரமாக நின்றாலும், நிலத்துக்குள் தனித்து வாழ்வதில்லை. அதன் வேர்கள் அண்டையிலுள்ள செடி மரங்களின் வேர்களைத் தேடிப் பற்றி, உறிஞ்சிகளை ஊன்றி, நீரையும் சத்தின் ஒரு பகுதியையும் பெறுகின்றன. இலை பச்சையாதலால் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளவும் வல்லது. ஆகவே இதனை அரை ஒட்டுண்ணி என்பர். முந்நூறுக்கு மேற்பட்ட தாவரங்களைச் சந்தனம் துணையாகக் கொள்ளுமெனக் கண்டிருக்கின்றனர். துணையின்றி வெறுந்தரையில் நட்ட கன்று வெளிறி, வளராமல் நின்று, முடிவில் பட்டுப்போவதன் காரணம் இதுவே.

பூ வெளிர்மஞ்சளாய்த் தோன்றிப் பின் செம்பழுப்பாகும்; மணமில்லை. பழுத்த கருநீலப் பழத்தை மைனாவும் குயிலும் கொண்டைக்குருவியும் தின்று விதையை வேலிகளில் எச்சமிடும். அங்கே விதை முளைப்பதற்கு நிழலும் துணைவேரும் சேர்ந்து கிடைக்கின்றன. பத்து வருஷம் அளவில் வயிரம் பற்றத் தொடங்கும். விற்பனைக்கேற்ற வயிரம் சேர மேலும் பல வருஷம் வேண்டும். எண்ணெய் வயிரத்திலும் வேரிலும்தான். வெளிப்புற வெண்மரத்தில் மணமில்லை.

இத்தேசத்தின் சந்தன விளைவு முன்னே வருஷத்துக்கு ஏறக்குறைய 4000 டன்னாக இருந்தது. இந்த நூற்றாண்டில் அது சில நூறு டன்னாகச் சுருங்கிற்று. ஜவ்வாது மலை, சித்தேரி, சத்தியமங்கலம் முதலிய இடங்களின் காடுகளில் திருட்டு வெட்டு மிகுந்ததை யாவரும் அறிவர். கூர்க்கில் 1899-ம் வருஷத்தில் முதலில் அறிவிக்கப்பட்ட ஸ்பைக் நோயும் பெருஞ் சேதம் விளைத்தது. அந்நோய் கண்ட மரத்தின் இலைகள் சிறுத்துக் கதிர்போல் நெருங்கி நிற்கும். மரம் சில வருஷங்களில் மடியும். பூச்சிகளால் பரவும் இதற்கு இன்றும் உறுதியான சிகிச்சை இல்லை. கண்ட மரத்தை அகற்றுவதே வழி.

அபாயத்தில் உள்ள வேற்றுமை

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1998-ம் வருஷத்தில் சந்தனத்தை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2019-ம் வருஷத்தில் மீண்டும் மதிப்பிட்டபோதும் அந்த நிலை மாறவில்லை. காந்தளின் கதை வேறு. அது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து கிடப்பதால், உலகம் முழுவதையும் வைத்துப் பார்க்குமிடத்து அஞ்சத்தக்க நிலையில் வைக்கப்படவில்லை. ஆனால் உலகத்தில் உண்டு என்பது ஓர் ஊரின் புதரில் உண்டு என்பதாகாது. மருந்துச் சரக்குக்காகக் கிழங்கு தோண்டப்படும் காடுகளில் அது வருஷந்தோறும் குறைந்தே வருகிறது. சந்தனம் மறைந்தால் வெட்டிய குழி கண்ணுக்குத் தெரியும்; புகார் எழும். காந்தள் மறைந்தால் ஒருவரும் அறியார். வருஷத்தில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் கிடக்கும் செடியாதலால், அது உறங்குகிறதா ஒழிந்துபோயிற்றா என்பது அடுத்த மழைவரை விளங்குவதில்லை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. சந்தனத்தைக் கெடுத்தது திருட்டு மட்டுமன்று. ஒருவகையில் காவலும் கெடுத்தது. பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தனமரம் சர்க்காருடையதாகவே நெடுங்காலம் நடத்தப்பட்டது. மரம் களவுபோனால் நிலத்துக்காரன் விசாரணைக்கு நிற்கவேண்டும்; நின்றால் அவனுக்கு உரிமையில்லை. இந்நிலையில் வேலியில் பறவை போட்ட விதை முளைத்தால், அதைச் சிறிதாயிருக்கும்போதே பிடுங்கியெறிந்துவிடுவதே புத்தி என்று பலர் எண்ணினர். 2002-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தினால் பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்குரியவருக்கே சொந்தமாயிற்று. அதன்பின் 2008-ம் வருஷத்தில் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென விதிகளும் ஏற்பட்டன. ஆயினும் சொந்தக்காரர் தம் இஷ்டப்படி வெட்டி விற்கலாகாது. வெட்டுவதும் கொண்டுசெல்வதும் விற்பதும் வன இலாகாவின் வழியாகவே நடக்கவேண்டும். இவ்விஷயத்தை அறியாமல் இன்னும் கன்றைப் பிடுங்குகிறவர்களும் உண்டு. அறியாமல் மரத்தை வெட்டி வழக்கில் சிக்குகிறவர்களும் உண்டு.

காந்தளைக் கெடுப்பதோ சாகுபடியின் அவசரம். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரணியம் முதலிய பக்கங்களில் பல வருஷங்களாக இது பயிராகி வருகிறது. புதிதாக ஒருவர் பயிரிட எண்ணும்போது ஏக்கருக்குப் பல நூறு கிலோ விதைக்கிழங்கு வேண்டியிருக்கிறது. அது தோட்டத்திலிருந்து கிடைக்காதபோது, வியாபாரிகள் காட்டுக்கு ஆளனுப்பித் தோண்டுவிக்கிறார்கள். இவ்வாறு வயலில் ஒரு ஏக்கர் காந்தள் உண்டாவதற்குக் காட்டில் பல ஏக்கர் காந்தள் ஒழிகிறது. காப்புக்காடுகளில் அனுமதியின்றி இவ்வாறு தோண்டுவது குற்றமுமாகும்.

காந்தள் பயிரிடுவோர் கவனிக்கவேண்டியவை

நீர் தேங்காத செம்மண்ணே இதற்கு உகந்தது. ஜில்லாவின் மேற்குப் பகுதியான இலுப்பூர், குளத்தூர், விராலிமலைத் தாலூகாக்களில் இத்தகைய மேட்டு நிலம் நிறைய உண்டு. ஆனி ஆடி மாதங்களில் நடவேண்டும். 50 முதல் 60 கிராம் எடையுள்ள, நுனிக்கண் ஒடியாத கிழங்கையே தேர்ந்தெடுத்து, பூஞ்சண மருந்துக் கரைசலில் நனைத்து நடுவது அழுகலைத் தடுக்கும். கொடி பற்றுவதற்குக் கம்பிப் பந்தலைவிட விராலியும் கிளுவையும் சிக்கனமான உயிர்க்கால்கள். ஊர்ப்பெயரிலேயே விராலியை வைத்திருக்கும் விராலிமலைப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அச்செடியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நட்ட 160 முதல் 180 நாட்களில் காய் முற்றும். காயின் பச்சைநிறம் மாறித் தோல் சுருங்குவது அதன் அடையாளம். காயைப் பறித்து நிழலில் உலர்த்தி விதையைப் பிரிக்கவேண்டும்.

விதை விற்பனைக்காகப் பயிரிடுகிறவர் கிழங்கைத் தோண்ட அவசியமில்லை. ஒருமுறை நட்ட கிழங்கு, பராமரிப்புக் குறையாவிடில், பல வருஷம் பலன் தரும். ஆகவே முதல் வருஷத்தில் பத்துச் செண்டு மாத்திரம் நட்டு, அதில் பெருகும் கிழங்கைக்கொண்டே வருஷந்தோறும் பரப்பை விரிப்பது புத்திசாலித்தனம். முதலீடு குறையும், காட்டுக்கும் கேடில்லை. கிழங்கை விலைக்கு வாங்குவோர் அது தோட்டத்துக் கிழங்குதானா என்று நேரில் கண்டு வாங்கவேண்டும்.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். விதையை வாங்குவோர் சிலரே. அவர்கள் வெளிநாட்டுக் கிராக்கியை எதிர்பார்ப்பவர்கள். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற வருஷங்களும் உண்டு. அதிலிருந்து வெகுவாகச் சரிந்த வருஷங்களும் உண்டு. ஆதலால் உள்ள நிலம் முழுவதையும் இதற்கே விடுவது தகாது.

நஞ்சைப் பற்றிய எச்சரிக்கை அதனிலும் முக்கியமானது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி முதலிய உணவுக் கிழங்குகளுடன் ஒரே இடத்தில் வைத்தலாகாது. குழந்தைகள் கைக்கும் ஆடுமாடுகள் வாய்க்கும் எட்டவிடலாகாது. வேலைசெய்வோர் கையுறை அணிதலும் கைகழுவுதலும் கட்டாயமாகும். யாரேனும் தின்றுவிட்டால் வாந்தியும் பேதியும் தொடங்கும் வரை காத்திராமல் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். கைவைத்தியம் செய்துகொண்டு பொழுதைப் போக்கினால் உயிருக்கே ஆபத்து.

சந்தனம் வளர்ப்போர் கவனிக்கவேண்டியவை

இதற்கும் நீர் தேங்காத நிலம் வேண்டும். களியும் உவரும் ஆகா. பழுத்த பழத்தின் சதையைக் கழுவி, விதையை நிழலில் உலர்த்தி, சில வாரங்கள் வைத்திருந்து பாத்தியில் தூவவேண்டும். நாற்று நான்கிலைப் பருவத்தை அடைந்ததும் பைக்கு மாற்றி, அதே பையில் ஒரு துவரை விதையையும் ஊன்றவேண்டும். துவரையே சந்தனத்தின் செவிலித்தாய். வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட துவரை ரகங்கள் இந்த ஜில்லாவுக்குப் புதியவையல்ல. துவரை உயர்ந்து நிழலடித்தால் தலையைக் கிள்ளிவிடலாம்.

தோட்டத்தில் நட்டபின் துணை தொடர்ந்து வேண்டும். முதலில் துவரை, அதன்பின் அகத்தி, நெடுங்காலத்துக்குச் சவுக்கு, புங்கம், சரக்கொன்றை என்ற முறையில் அமைத்தால், துவரையும் அகத்திக்கீரையும் சவுக்குக் கழியும் இடையிடையே வருமானமும் தரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் குனுனுரா என்னுமிடத்தில் 1999-ம் வருஷம் முதல் இந்தியச் சந்தனத்தைத் துணைமரங்களோடு ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டு வளர்த்திருக்கின்றனர். ஆனால் அங்கே பெருந்தோட்டம் போட்ட கம்பெனி ஒன்று, மரம் முற்றிப் பணம் திரும்புவதற்குள் கடன்சுமை தாங்காமல் 2018-ம் வருஷத்தில் கடன்கொடுத்தோர் வசமாயிற்று. இருபது வருஷத்தில் கோடி என்று கணக்குக் காட்டிக் கன்று விற்கவரும் தரகர்களின் பேச்சைக் கேட்கும்போது இதனையும் நினைவில் வைக்கவேண்டும்.

இங்கே பெரிய இடையூறு திருட்டு. வயிரம் பற்றிய மரத்தை ஊருக்குத் தொலைவான கொல்லையில் விட்டுவைப்பது இயலாது. வீட்டையொட்டிய தோட்டத்திலும், கிணற்றடியிலும், ஆள் நடமாட்டமுள்ள வேலியிலும் பத்து இருபது மரமாக வளர்ப்பதே சிறு விவசாயிக்கு ஏற்றது.

எது யாருக்கு உகந்தது

காந்தள் ஆறு மாதத்தில் கையில் பணம் தரும், ஆனால் தினமும் ஆள்வேலை கேட்கும், விலை நிலையற்றது. சந்தனம் ஒரு தலைமுறைக்கான சேமிப்பு, வேலை குறைவு, காவல் அதிகம். இளைஞர்கள் உள்ள குடும்பத்துக்குக் காந்தளும், நிலத்தைப் பேரர்க்கு விட்டுப்போக எண்ணும் முதியவர்க்குச் சந்தனமும் ஒத்துவரும். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயலில் ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் விழுந்ததைக் கண்டவர்கள், ஒரே மரத்தை நம்பி நிலம் முழுவதையும் விடுவதன் ஆபத்தை உணர்ந்திருப்பர். அந்தப் படிப்பினை இவ்விரண்டுக்கும் பொருந்தும். இரண்டும் வேலிக்கும் மேட்டுக்கும் உரியவையே அன்றி, நெல்லும் கடலையும் உளுந்தும் விளையும் நிலத்துக்குரியவை அல்ல.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலர்கள் பட்டா நிலத்திலுள்ள சந்தன மரங்களை அடங்கலில் தவறாமல் பதிவுசெய்தால், நிலத்துக்குரியவர்க்குப் பின்னால் உரிமை நாட்டுவது எளிதாகும். களவு நேர்ந்தாலும் புகாருக்கு ஆதாரம் இருக்கும். கன்றைப் பிடுங்கவேண்டியதில்லை, மரம் அவர்களுடையதே என்ற செய்தியைக் கிராம சபைக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லுவது பல பிரசங்கங்களினும் பயன்தரும்.

காந்தளைப் பொறுத்தவரை வேண்டியது காலமறிந்த காரியம். கண்மாய்க் கரைகளையும் பாதையோரப் புதர்களையும் துப்புரவு செய்யும் வேலையைக் காய் வெடித்து விதை சிந்திய பிறகு, அதாவது தை மாதத்துக்குப்பின், வைத்துக்கொள்ளவேண்டும். புதரை அரிவாளால் அறுக்கலாம். மண்வெட்டியாலும் இயந்திரத்தாலும் வேரோடு கிளறலாகாது. கிழங்கு தோண்ட வெளியூரார் வந்தால் எந்த நிலத்தில், யாருடைய அனுமதியால் என்று விசாரித்தல் வேண்டும். கோயிற்காட்டின் எல்லையை அளந்து கல் நாட்டி வைத்தால், ஆண்டுதோறும் ஓரடி இரண்டடியாக உழுது உள்ளே புகுவது நிற்கும்.

ஒரு மரத்தையோ கொடியையோ அழியாமல் காப்பது காட்டிலாகாவின் காரியம் என்று எண்ணியிருந்த காலம் கடந்துவிட்டது. காப்புக்காட்டின் எல்லை முடியுமிடத்தில் குடியானவனுடைய வேலி தொடங்குகிறது. பறவை இட்ட சந்தனக் கன்றும், மழையில் தலைநீட்டும் காந்தள் முளையும் அந்த வேலியில்தான் இருக்கின்றன. வருகிற ஆடியில் வேலியைச் செப்பனிடுமுன் அதை ஒருமுறை நடந்து பார்த்து, இவ்விரண்டில் எது கண்டாலும் விட்டுவைப்பார்களாக. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.